ஏழு மீட்டர் நரம்பு

முதலில் கத்தியது அவன்தான். பாத்திரம் விழுந்த சத்தம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை ஒரு தலையணையின் மேல் குழந்தையைப்போலக் கிடத்தி வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் தரையில் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறையில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. அடுப்பில் பால் பொங்குவதற்கு முன் வருமே, அந்த மெல்லிய சீறல் கேட்டது. அந்த நேரம் பார்த்து வலது கையின் மூன்று விரல் நுனியிலும் ஒன்றாகத் தீப்பிடித்தது. அலறிவிட்டான். அலறி முடித்து மூச்சை இழுக்கும்போது உள்ளே பாத்திரம் விழுந்து உருண்டது.

மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க, மறுபடியுமா?"

"விரல்ல... சுட்ட மாதிரி."

"நீங்க போட்ட சத்தத்துல பால் பாத்திரத்தை விட்டுட்டேன். துணி எடுக்காம வெறுங்கையால பிடிச்சிருக்கேன் பாருங்க, அதுகூடத் தெரியல. நல்லவேளை கத்தினீங்க."

விரல்களை விரித்துக் காட்டினாள். மூன்று நுனியும் சிவந்திருந்தன. அவன் தன் விரல்களைப் பார்த்தான். ஒன்றுமில்லை. பதினாலு மாதமாக எப்போது பார்த்தாலும் ஒன்றுமில்லாத அதே விரல்கள்.

"உனக்குச் சுடலையா?"

"இப்பத்தான் லேசா சுடுது."

"எனக்கு முன்னாடியே சுட்டுச்சு."

"எனக்கு வலிச்சா உங்களுக்கு வலிக்குதுன்னா, கல்யாணமாகி இருபது வருஷத்துல இதாங்க முதல் தடவை" என்று சொல்லிவிட்டு, சிந்திய பாலைத் துடைக்கத் துணி தேடிப் போனாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. அதோடு அதை விட்டுவிட்டான்.

அவன் எலக்ட்ரீஷியன். வயரில் மின்சாரம் இருந்தால் எரிகிற டெஸ்டரை எப்போதும் சட்டைப் பையில் செருகியிருப்பான் என்பதால் சைட்டில் அவனுக்கு டெஸ்டர் என்றே பெயர்; சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மற்றவர்கள் ஒரு வயரைக் காட்டி 'சப்ளை இருக்கா?' என்று கேட்பார்கள். அவன் மட்டும் 'உயிர் இருக்கா?' என்று கேட்பான். இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த வீட்டிலும் லைனை நிறுத்துவதற்கு முன்னால் நடுவில் நின்று உரக்கக் குரல் கொடுப்பான்: 'நிறுத்தப் போறேன்! யாருக்காவது ஓடிட்டிருக்கா?' கூட வேலை செய்கிறவர்கள் அவனைப் போலவே கத்திக் காட்டிக் கேலி செய்வார்கள். ஆனால் ஒருமுறை அப்படிக் கத்தியபோது மாடி அறையிலிருந்து ஒரு பெண் 'ஐயோ, அப்பாவுக்கு மூச்சு மெஷின் ஓடுது' என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். வெட்டுகிற இடத்தில் நிற்கிறவனுக்கு அந்த லைனில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அன்றைக்கு அவன் மெயினிலிருந்து கையை எடுத்ததைக் கேலி செய்தவர்களும் பார்த்தார்கள்.

இப்போது அந்தக் கைதான் இப்படிக் கிடக்கிறது. ஏணி மேல் நிற்கும்போது ஒருநாள் சுட்டுவிரலில் சுருக்கென்று குத்தியது, ஸ்க்ரூ டிரைவர் நழுவிக் கீழே நின்றவரின் காலருகே விழுந்தது. இரண்டாவது முறை நழுவியபோது காண்ட்ராக்டர் 'உடம்பைப் பார்த்துட்டு வாப்பா' என்றார். அப்புறம் கூப்பிடவே இல்லை. குத்தும், சுடும், வெட்டும். எதுவும் இல்லாதபோது தோளிலிருந்து விரல்வரை யாரோ உள்ளே ஒரு நரம்பைப் பிடித்து, இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள்.

டாக்டர்கள் மூன்று பேர் ஆகிவிட்டது. முதல் ஆள் கழுத்து எலும்பு என்றார், ஸ்கேன் எடுத்ததும் இல்லை என்றார். இரண்டாவது ஆள் சர்க்கரை, வைட்டமின் என்று ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல். சந்தோஷமா இருங்க" என்றார். நார்மல் என்கிற வார்த்தையைக் கேட்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வலி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் காகிதத்தில் வலி இல்லை என்றார்கள்.

மூன்றாவது டாக்டர் நரம்பு டாக்டர். கொஞ்சம் பொறுமைசாலி.

"வலி எப்படி இருக்கும்? விளக்கிச் சொல்லுங்க."

"ஷாக் அடிக்கிற மாதிரி சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"எல்லாரும் ஷாக் வாங்கினவங்க இல்ல சார். நான் வாங்கியிருக்கேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார். எந்தெந்த நேரத்தில் என்ன மாதிரி வலி வருகிறது என்று ஒரு மாதம் எழுதி வரச் சொன்னார். வேலைக் கணக்கு எழுதும் பழைய நோட்டிலேயே அவன் இடது கையால் கோணல்மாணலாக எழுதினான். காலை ஆறே முக்கால், சூடு. பதினொன்றேகால், சுட்டுவிரலில் ஊசி. பதினொன்றரை, அதே விரல், ஊசி. மாலை ஐந்து, கட்டைவிரலில் வெட்டு. ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை ஒன்றுமே இருக்காது. எல்லாருக்கும் நரம்பு வலி ராத்திரிதான் கொல்லும் என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். அவனுக்கு மட்டும் ராத்திரி வலியும் படுத்துத் தூங்கிவிடும்.

அந்த நேரம் வீட்டில் மனைவியும் தூங்கிக்கொண்டிருப்பாள். அது நோட்டில் இல்லை.

அவள் தையல்காரி. ஹாலின் மூலையில் மிஷின் போட்டு, அக்கம்பக்கத்தவர்களின் துணிகளைத் தைத்துக் கொடுப்பாள். அவன் வேலை நின்ற பிறகு அந்த மிஷின்தான் வீட்டை ஓட்டுகிறது. ஒருநாள் மதியம் வெளிர்நிறத் துணி ஒன்றில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் இருப்பதைப் பார்த்து, "இது என்ன டிசைனா?" என்று கேட்டான். அவள் துணியைப் பார்த்தாள். தன் சுட்டுவிரலைப் பார்த்தாள். நுனியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"அட, குத்தியிருக்கு! இப்பல்லாம் தெரியறதே இல்லங்க. பழகிப் பழகிக் கை மரத்துப்போச்சு."

"டாக்டர்கிட்ட காட்டலாமே."

"வீட்டுக்கு ஒரு நரம்பு போதும்" என்றாள்.

நரம்புப் பரிசோதனை நடந்த அறை அவனுக்குப் பிடித்திருந்தது. பதினாலு மாதத்தில் முதல் தடவையாகத் தனக்குப் புரிகிற பாஷை பேசுகிற இடத்துக்கு வந்ததுபோல இருந்தது. வயர்கள், கிளிப்புகள், எர்த், ஒரு திரை. பரிசோதிக்கிற பெண் அவன் கட்டைவிரல் மேட்டில் இரண்டு பொட்டுகளை ஒட்டினாள். மணிக்கட்டில் ஷாக் கொடுப்பாள். அது விரலுக்குப் போய்ச் சேர எத்தனை நேரமாகிறது என்று மெஷின் காட்டும். பழுது இருந்தால் தாமதமாகும். கேபிளில் பழுது எங்கே என்று தேடுவதும் இப்படித்தான் என்று அவன் சொன்னான். "அப்ப நீங்களே பார்த்துக்கலாமே சார்" என்று அவள் சிரித்தாள்.

டக்கென்று அடித்தது. திரையில் ஒரு சின்ன மேடு எழுந்து அடங்கியது.

"நல்லா வருது. மூணு, மூணரை மில்லிசெகண்ட்... நார்மல்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இருங்க" என்றாள் அவள்.

கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில், வெகுதூரம் தள்ளி, இன்னொரு மேடு எழுந்தது. முதல் மேட்டைவிடப் பெரியது. அவள் பொட்டுகளைப் பிய்த்து வேறு ஒட்டினாள். வயரை மாற்றினாள். மறுபடி டக். மறுபடி அதே இடத்தில் அது எழுந்தது.

"இது என்னங்க?"

"எங்க மெஷின்ல ஏதோ வெளி சிக்னல் கலக்குது சார். கணக்குல எடுக்கக்கூடாது."

"எடுத்தா? அந்த நேரத்துக்கு நரம்பு எவ்வளவு நீளம் இருக்கணும்?"

அவள் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏழு மீட்டர் வருது. இவ்வளவு நீளத்தை மடிச்சு எங்க சார் வெச்சிருக்கீங்க?"

ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு, நோட்டையும் புரட்டிவிட்டு, மனசில் ஏதாவது கவலை இருக்கிறதா என்று இதமாகக் கேட்டார். அவனுக்கு அழுகை முட்டியது. "கையை எடுத்துடுங்க சார்" என்றான். "நல்ல கையை யாராவது எடுப்பாங்களா?" என்றார் அவர். பெரிய டாக்டர் ஒருவருக்கு வியாழக்கிழமை சீட்டு எழுதிக் கொடுத்தார். இதற்கு மேல் அனுப்ப ஆள் இல்லை என்று அவர் சொல்லாமலே புரிந்தது.

புதன்கிழமை மாலை. படுக்கையறையில் சுவர் ஓரமாகக் கட்டிலில் படுத்திருந்தான். ஹாலில் மனைவி மேஜை மேல் போர்வையை விரித்து, நாளைக்கு அவன் போட வேண்டிய வெள்ளைச் சட்டைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்ச் போடுகிற சத்தம் கேட்டது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். திரும்பிப் படுத்தபோது வலது புறங்கை சுவரில் பட்டது.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் படாத சுவர் அது. கையை எடுத்துவிட்டுக் கன்னத்தை வைத்துப் பார்த்தான். ஓரிடத்தில் மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு, கீழிருந்து மேலாக ஒரு கோடுபோல அந்தச் சூடு போனது. வயர் சூடேறினால் இப்படி இருக்கும். ஆனால் இந்த வீட்டுக்கு வயரிங் போட்டதே அவன்தான். எந்தச் சுவரில் எந்த வயர் பைப் எங்கே வளைகிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வான். இந்தச் சுவரில் அவன் பைப்பே போடவில்லை.

விரலை மடக்கித் தட்டினான். டொக், டொக். சூட்டுக் கோட்டின் மேல் தட்டினான். டப். உள்ளே வெற்றிடம்.

அதோடு தோள்வரை ஒரு இழுப்பு.

எழுந்து பையிலிருந்த டெஸ்டரை எடுத்தான். சுவரில் வைத்தான். எரிந்தது. போர்டுக்குப் போய்ப் படுக்கையறை லைனை மட்டும் இறக்கினான். மின்விசிறி நின்றது. திரும்பி வந்து வைத்தான். எரிந்தது. கொஞ்ச நேரம் அந்த ஆரஞ்சு ஒளியைப் பார்த்துக்கொண்டே நின்றவன், பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே, டெஸ்டர் நுனியைத் தன் வலது மணிக்கட்டில் வைத்தான்.

எரிந்தது.

அளக்கும் டேப்பை எடுத்தான். தலையணையிலிருந்து, கை வைக்கிற இடத்திலிருந்து, சூடு போகிற வழியே அளந்தான். சுவரில் மேலே. கூரை ஓரமாகக் குறுக்கே. ஹாலை ஒட்டிய சுவருக்குள் நுழைகிறவரை இந்தப் பக்கம் ஐந்தரை மீட்டர். அந்தப் பக்கம் இறங்கினால் இன்னும் ஒன்றரை. ஏழு.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். ஆனால் பதினாலு மாதம் கழித்து ஒரு மனிதனுக்கு அவன் வலி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கிடைத்திருக்கிறது. மூன்று டாக்டர்கள், ஒரு மெஷின், ஒரு மூட்டை காகிதம் எல்லாம் சேர்ந்து இல்லை என்று சொன்னது இதோ இருக்கிறது.

உளியையும் சுத்தியலையும் எடுத்தான்.

"என்னங்க அங்க இடிக்கிறீங்க?" ஹாலிலிருந்து குரல்.

"ஒண்ணுமில்ல. ஒரு லைன்."

"கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களே!"

பூச்சு பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. சிமெண்ட் வாசனைக்குப் பின்னால் இன்னொரு வாசனை வந்தது. ஈரம். வியர்வை. மூடிய உள்ளங்கையைத் திறந்து முகர்ந்தால் வருமே, அது. செங்கல்லுக்கு நடுவே ஒரு காடி, பைப் பதிக்கிற நீளப் பள்ளம், போயிருந்தது, யாரோ அளவெடுத்து வெட்டியதுபோல நேராக. அதற்குள் பைப் இல்லை.

வெள்ளையாக ஒன்று ஓடியது.

சுண்டுவிரல் தடிமன். ஈரமாக மினுங்கியது. நூல் நூலாகச் சேர்ந்து முறுக்கியிருந்தது. தொடவில்லை. ஊதிப் பார்த்தான்.

கை முழுக்கக் குளிர்ந்தது.

"உயிர் இருக்கு" என்றான். தனக்கே கேட்காத குரலில்.

அது துடித்தது. விட்டு விட்டு. அவன் நாடித் துடிப்போடு சேராமல், வேறொரு தாளத்தில், நிதானமாக. ஒரு பக்கம் தலையணை நோக்கிக் கீழே இறங்கியது. மறுபக்கம் மேலே ஏறியது.

அந்தச் சமயத்தில் புறங்கையில் சூடு ஆரம்பித்தது. இடது புறங்கையில். இதுவரை இடது கையில் வந்ததே இல்லை. முதலில் வெந்நீர் அளவு. பிறகு அடுப்பு அளவு. அப்புறம் எதனோடும் ஒப்பிட முடியாத அளவு. பல்லைக் கடித்தான். வாயைத் திறந்தால் வழக்கம்போல அலறல் வரும், அவள் ஓடி வருவாள், இதைப் பார்ப்பாள், தடுப்பாள்.

அலறக் கூடாது. இந்த ஒரு தடவை மட்டும்.

கட்டிங் ப்ளையர் எங்கே? இதோ. வலது கையால் எடுத்தான். பிடிக்க முடிந்தது. ப்ளையரின் வாயை அந்த வெள்ளை இழைக்கு இரு பக்கமும் கொண்டுபோனான். வியர்வை கண்ணில் இறங்கியது. ஏதோ ஒன்றை மறந்த மாதிரி இருந்தது. எப்போதும் செய்கிற ஏதோ ஒன்று. வெட்டுவதற்கு முன்னால் செய்கிற ஒன்று.

சூடு எலும்பைத் தொட்டது.

வெட்டினான்.

சின்னச் சத்தம்தான். பச்சைக் கொத்தவரங்காய் ஒடிகிற மாதிரி. இரண்டு முனையும் சுருண்டு, ஒன்று கீழேயும் ஒன்று மேலேயுமாகக் காடிக்குள் விலகிப் போயின. மேலே போனது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

வலி இல்லை.

நின்றுவிட்டது. இடது கை, வலது கை, தோள், எங்கேயும் இல்லை. அவன் கட்டிலில் உட்கார்ந்தான். விரல்களை மடக்கினான், நீட்டினான். ப்ளையரைத் திறந்தான், மூடினான். பதினாலு மாதத்தில் உடம்பு இப்படிச் சத்தமில்லாமல் இருந்ததே இல்லை. அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதான். நாளைக்குப் பெரிய டாக்டர் வேண்டாம். நாளைக்கே காண்ட்ராக்டருக்குப் போன் போட வேண்டும். அவளிடம் சொல்ல வேண்டும், முதலில் அவளிடம்.

அப்போது அந்த வாடை வந்தது.

கருகுகிற வாடை. எங்கேயோ வயர் சூடேறிவிட்டது என்று கை தானாக டெஸ்டருக்குப் போனது. மூக்கை உறிஞ்சினான். ரப்பர் இல்லை. பிளாஸ்டிக் இல்லை. துணி, அதற்கு அடியில் வேறு ஏதோ.

"என்னங்க" என்று ஹாலிலிருந்து மனைவி கூப்பிட்டாள். எப்போதும்போல இயல்பான குரல். "ஏதோ கருகற வாடை வருதே. வயரா பாருங்களேன்."

கீழிருந்து மேல். மேலிருந்து குறுக்கே. அந்தப் பக்கம் ஒன்றரை மீட்டர் இறங்கினால் மேஜை.

நிறுத்தப் போறேன். யாருக்காவது ஓடிட்டிருக்கா?

அவன் குரல் கொடுக்கவில்லை.

கதவருகே போனான். அங்கேயே கால் நின்றுவிட்டது. ஹாலில் மெல்லிய புகை வெளிச்சத்தில் மிதந்தது. அவள் மேஜை முன்னால் நின்றுகொண்டு, தலையைத் தூக்கி, மேலே சுவிட்ச் போர்டைச் சந்தேகமாகப் பார்த்து முகர்ந்துகொண்டிருந்தாள். இடது கையை வெள்ளைச் சட்டையின் மேல் சுருக்கம் போக விரித்து வைத்திருந்தாள். விரல் நுனிகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. மீதிக் கையின் மேல் இஸ்திரிப் பெட்டி இருந்தது. சட்டை பழுப்பாகிக்கொண்டிருந்தது.

காலடி கேட்டுத் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள், கன்னத்துக் கண்ணீரைப் பார்த்தாள், வலது கையில் உறுதியாகப் பிடித்திருந்த ப்ளையரைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"வலி விட்டுடுச்சா?" என்று கேட்டாள்.

அவன் பார்வை இஸ்திரிப் பெட்டியிலேயே இருந்தது.

"விட்டுடுச்சுதானே? எனக்குத் தெரியும்ங்க. பார்த்தாலே தெரியுது" என்று சொல்லி, அந்தச் சந்தோஷத்தில் வலது கையைப் பெட்டியின் மேல் வைத்து, நன்றாக அழுத்திச் சாய்ந்துகொண்டாள்.